ஆழம் பார்க்கும் தக்கை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காலை விடுகிறவனுக்கே இந்த எச்சரிக்கை என்றால், தூண்டிலை விடுகிறவன் நிலை என்ன? கரையில் நின்று பார்த்தால் எல்லாக் குளமும் ஒரே மாதிரிதான் தெரியும். மேலே ஒரு தகடு போலத் தண்ணீர், அவ்வளவுதான். கீழே மேடா பள்ளமா, சேறா சரளையா, பாசி மண்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் மீனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இங்கிலாந்தில் கெண்டை மீன் பிடிப்பவர்கள் இந்தப் பிரச்சினைக்குக் கண்டுபிடித்த விடைதான் மார்க்கர் தக்கை. தக்கை என்றதும் நம் ஊர்க் குளக்கரையில் மயில் இறகுத் தண்டையோ நெட்டித் துண்டையோ கட்டி, அது முங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் காட்சி நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. மார்க்கர் தக்கையில் முள்ளே கிடையாது! இரை கிடையாது. அது மீனைப் பிடிக்காது. குளத்தின் அடி எப்படி இருக்கிறது என்று சொல்வதும், அந்த இடத்தை மேலே மிதந்து காட்டுவதும்தான் அதன் வேலை. மீன் பிடிக்காத ஒரு சாமான் மீன்பிடிப்பையே மாற்றியது எப்படி என்பது சுவாரசியமான கதை.

கடலில் தொடங்கிய பழக்கம்

தண்ணீருக்குள் குண்டை இறக்கி ஆழம் பார்ப்பது மனிதனின் மிகப் பழைய பழக்கங்களில் ஒன்று. கிறிஸ்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்துக் கரைக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் கயிறு இறக்கினால் பதினொரு பாக ஆழத்தில் சேறு ஒட்டி வரும் என்று எழுதியிருக்கிறார். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளிலும் இந்தக் காட்சி உண்டு. பவுல் பயணம் செய்த கப்பல் புயலில் சிக்கிய இரவில், மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள்; முதலில் இருபது பாகம், கொஞ்ச தூரம் போனதும் பதினைந்து. தரை நெருங்குகிறது என்று புரிந்துகொண்டு நங்கூரம் போடுகிறார்கள்.

பாகம் என்றால் இரண்டு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறு அடி. நம் கடற்கரை மீனவர்களிடமும் இந்த அளவு உண்டு. ஆங்கிலேயர் இதையே ஃபாதம் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் மூலப் பொருள் விரித்த கைகள்தான். எங்கேயோ இருக்கும் இரண்டு கரைகளில் ஒரே அளவு. கயிற்றைக் கையால் இழுத்துச் சேர்க்கிறவன் வேறு எதை வைத்து அளப்பான்?

கப்பல்காரர்களின் ஈயக்குண்டில் ஒரு சின்ன சூட்சுமம் இருந்தது. குண்டின் அடிப்பக்கத்தில் ஒரு குழி. அதில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் அங்குள்ள மணலோ சிப்பித் துண்டோ சேறோ கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆக, ஒரே குண்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் கொண்டுவந்தது. எவ்வளவு ஆழம்? அடியில் என்ன? இந்த இரண்டு கேள்விகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கர் தக்கையின் கதை முழுவதும் இவற்றைச் சுற்றியே ஓடுகிறது.

(இடையில் ஒரு செய்தி. மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஆழம் பார்ப்பவர்கள் இரண்டு பாகம் தண்ணீர் இருந்தால் "மார்க் ட்வெயின்" என்று கூவுவார்கள். படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் என்பவர் அந்தக் கூவலையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். டாம் சாயரைப் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.)

அதிர்ஷ்டத்தின் மீன்

இனி கெண்டைக்கு வருவோம். இங்கே சொல்லப்படும் கெண்டை, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வளர்க்கப்படும் சாதாக் கெண்டை. இது இங்கிலாந்தின் சொந்த மீன் அல்ல, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1496-இல் அச்சான தூண்டில் பற்றிய பழைய ஆங்கில நூல் ஒன்று, கெண்டை அருமையான மீன் என்றும், ஆனால் நாட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 1653-இல் ஐசக் வால்டன் தன் புகழ்பெற்ற தூண்டில் நூலை எழுதும்போது கெண்டைக்கு அரசியின் இடத்தைக் கொடுத்துவிட்டார். கூடவே, இதைப் பிடிக்க மிகுந்த பொறுமை வேண்டும் என்றும் எச்சரித்தார். அதே நூலில் பிரீம் என்ற மீனைப் பற்றிய பகுதியில், ஈயக்குண்டால் முன்கூட்டியே ஆழம் பார்த்து, மால்ட்டைத் தூவி இடத்தைத் தயார் செய்யும் முறை வருகிறது. அடியை அறிந்து இடத்தைப் பண்படுத்துவது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் கெண்டையைப் பொறுத்தவரை அடுத்த முந்நூறு ஆண்டுகளில் பெரிய முன்னேற்றம் இல்லை. 1912-இல் எச்.டி. ஷெரிங்கம் என்ற எழுத்தாளர், பெரிய கெண்டையைப் பிடிக்க விரும்புகிறவனுக்கு எல்லாவற்றையும்விட அவசியமான சாமான் நல்ல அதிர்ஷ்டம்தான் என்ற கருத்தில் எழுதினார். அன்று எல்லோரும் நம்பியது அதைத்தான். பெரிய கெண்டை புத்திசாலி, மனிதனைவிட அதிக காலம் பொறுத்திருக்கும், தூண்டிலில் சிக்காது. சிக்கினால் அது தற்செயல். 1930-இல் ஆல்பர்ட் பக்லி என்பவர் மேப்பர்லி நீர்த்தேக்கத்தில் 26 பவுண்டு கெண்டை ஒன்றைப் பிடித்தார். அந்தச் சாதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

அதை அசைத்தது ரெட்மையர் என்ற சிறிய குளம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்ஃபோர்ட்ஷயரில் உள்ள இதன் பரப்பு மூன்று ஏக்கர் அளவுதான். நம் ஊர் ஊருணிகளில் சில இதைவிடப் பெரியவை! 1934-இல் இதில் ஐம்பது கெண்டைக் குஞ்சுகள் விடப்பட்டன. பிறகு அவற்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1951-இல் பாப் ரிச்சர்ட்ஸ் அங்கே 31 பவுண்டு 4 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்தபோதுதான் குளத்தின் பெயரே வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1952 செப்டம்பர் 13 அன்று விடிவதற்கு முன் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைக் கரையேற்றினார். ஏறக்குறைய 20 கிலோ! அவர் அதைக் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர்கள் வந்து எடுத்துப்போய் நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தில் விட்டார்கள். கிளாரிசா என்ற பெயரோடு அந்த மீன் 1971 வரை அங்கே வாழ்ந்தது.

வாக்கர் பொறியாளர். மீன் பிடிப்பதையும் பொறியியல் கணக்கு மாதிரியே பார்த்தார். தூண்டில் கோலைத் தானே வடிவமைத்தார். இரவில் மீன் இரையை இழுத்தால் ஒலி எழுப்பும் மின்கருவியைச் செய்தார். ஆர்லஸி என்ற ஏரியில் தூரமாக எறிவதற்காக அவர் செய்த பேரிக்காய் வடிவ ஈயக்குண்டு இன்றும் அந்த ஏரியின் பெயரால் விற்கப்படுகிறது. 1953-இல் வெளிவந்த தேங்கிய நீரில் மீன்பிடிப்பது பற்றிய அவருடைய நூல் ஒரு தலைமுறையையே மாற்றியது. மீன் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி என்பதுதான் அதன் சாரம். ஷெரிங்கம் சொன்ன அதிர்ஷ்டத்துக்கு அங்கே இடம் குறைந்துவிட்டது.

சரளைக் குழிகள்

ஆனாலும் வாக்கர் காலத்தில் மார்க்கர் தக்கைக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. காரணம் குளங்களின் அமைப்பு. ரெட்மையர் போன்றவை ஓடையை மறித்துக் கட்டிய குளங்கள். ஓடை வரும் பக்கம் ஆழம் குறைவு, கரை கட்டிய பக்கம் ஆழம் அதிகம். நம் ஏரிகளும் இப்படித்தான். மதகுப் பக்கம்தான் ஆழம் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். தூண்டில் கோல் எட்டும் தூரத்தில் பார்க்க வேண்டுமானால் முள்ளில் ஒரு குண்டை மாட்டி இறக்கினால் போதும். தக்கை மூழ்கினால் நூல் குறைவு, படுத்துக் கிடந்தால் நூல் அதிகம்.

இந்த நிலைமையைத் தலைகீழாக்கியது சிமெண்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் வீடுகளும் சாலைகளும் வேகமாகக் கட்டப்பட்டன. கான்கிரீட்டுக்கு மணலும் சரளையும் வேண்டும். தேம்ஸ், கோல்ன், லீ ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் பெரிய பெரிய குழிகள் தோண்டப்பட்டன. தோண்டி முடித்து, பம்புகளை நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஊறிக் குழிகள் ஏரிகளாயின. அவற்றில் கெண்டை விடப்பட்டது. மீன் நன்றாகக் கொழுத்தது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏரிகளின் அடியை இயற்கை செய்யவில்லை, இயந்திரம் செய்தது. நல்ல சரளை கிடைத்த இடத்தில் ஆழமாகத் தோண்டினார்கள், கிடைக்காத இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இதனால் தண்ணீருக்கடியில் நீளமான சரளை வரப்புகள், அவற்றுக்கிடையே வாய்க்கால் போன்ற பள்ளங்கள். ஓர் இடத்தில் நான்கு அடி ஆழம், அங்கிருந்து சில கஜம் தள்ளினால் பதினான்கு அடி. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தகடு.

கெண்டைக்கோ இந்த மேடு பள்ளம்தான் வாழ்க்கை. வரப்பின் ஓரமாகத்தான் அது நடமாடும். சரளையில் ஒட்டியிருக்கும் நத்தைகளையும் சிறு மட்டிகளையும் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும். பள்ளத்தின் வண்டலில் சிவப்புப் புழுக்களைத் தேடிக் கிளறும். அடிக்கடி மேய்கிற இடம், பாசி எல்லாம் நீங்கி, கழுவித் துடைத்தது போல ஆகிவிடும். அந்த மேசை அளவு இடத்தில் இரை விழுந்தால் மீன் வரும். இரண்டு கஜம் தள்ளிப் பாசிக்குள் விழுந்தால் வாரக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. எண்பது கஜம் தள்ளி, தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு மேசையைக் கரையில் நின்றபடி கண்டுபிடிக்க வேண்டும்.

அது வேலை செய்யும் விதம்

முன்பு படகில் போய்க் கயிறு இறக்கிப் பார்த்தார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலில் கல்லைக் கட்டி மிதக்கவிட்டார்கள். ஆனால் பல ஏரிகளில் படகுக்கு அனுமதி இல்லை. எனவே கரையிலிருந்தே எறியக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒருவர் பின் ஒருவராகத் திருத்தித் திருத்தி உருவானதுதான் இன்றைய மார்க்கர் தக்கை.

அமைப்பு மிக எளிது. நூலின் நுனியில் நன்றாக மிதக்கும் பெரிய தக்கை. அம்பு போல நேராகப் பறக்க அதன் வாலில் சிறகுகள். தூரத்திலிருந்து தெரியப் பளிச்சென்ற நிறம். தக்கைக்குப் பின்னால், நூலின் மேல் தாராளமாக ஓடும் வளையம் ஒன்றில் தொங்கும் கனமான குண்டு. பொதுவாக மூன்று அவுன்ஸ் போல. எறிந்ததும் குண்டு அடியில் போய் உட்காரும். நூலை இறுக்கிச் சுற்றினால் தக்கையும் கீழே வந்து குண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது முதலில் பதில் வருவது இரண்டாவது கேள்விக்கு. அடியில் என்ன? கோலைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் குண்டு தரையில் உரசி வரும். கோல் நுனி 'டொக் டொக்' என்று துள்ளினால் சரளை. வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தால் மென்மையான களிமண் அல்லது மெல்லிய வண்டல். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு பொளக்கென்று விடுபட்டால் ஆழமான சேறு. இறுகிக்கொண்டே வந்து அறுந்தது போல விட்டால் பாசி. கப்பல்காரனின் கொழுப்பு செய்த வேலையை இங்கே கையே செய்கிறது.

பிடித்த இடம் கிடைத்ததும் முதல் கேள்வி. எவ்வளவு ஆழம்? கோலை அசையாமல் வைத்துக்கொண்டு ரீலிலிருந்து ஓர் அடி, ஓர் அடியாக நூலை விட வேண்டும். தக்கை அந்த அளவுக்கு மேலே ஏறும். பதினொன்று என்று எண்ணும்போது தக்கை தண்ணீருக்கு மேல் எட்டிப்பார்த்தால் ஆழம் பதினோரு அடி. மறுபடி இறுக்கி, சில அடி இழுத்து, மறுபடி எண்ணினால் ஏழு. ஆக இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பின் சரிவு இருக்கிறது! இப்படி ஒரு காலைப் பொழுதில் எறிந்து எறிந்து எண்ணினால் நோட்டுப் புத்தகத்தில் ஏரியின் வரைபடமே வந்துவிடும். அதன் பிறகு தக்கையை அங்கேயே மிதக்கவிட்டு, அதைக் குறிவைத்து இரையைத் தூவலாம். கரையில் பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, நூலை அவற்றில் சுற்றிச் சுற்றித் தூரத்தை அளந்து, அதே தூரத்தை மற்றத் தூண்டில்களுக்கும் குறித்துக்கொள்வதும் உண்டு. தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் இது புதிதாகத் தெரியாது.

இதெல்லாம் சாத்தியமானதற்குப் பின்னால் இரண்டு கண்டுபிடிப்புகள் உள்ளன. முதலாவது ரீல். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜவுளித் தொழிலதிபர் ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த், நூற்பாலையில் கண்டையிலிருந்து நூல் கழன்று வருவதைப் பார்த்து, உருளை சுழலாமலேயே நூலை விடும் ரீலைச் செய்து 1905-இல் காப்புரிமை பெற்றார். தூரமாக எறிவது அதனால்தான் எல்லோருக்கும் எளிதானது. இரண்டாவது பின்னல் நூல். நைலான் நரம்பு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். எண்பது கஜ நைலானின் மறுமுனையில் குண்டு சரளையில் தட்டினாலும் அந்த அதிர்வு வழியிலேயே கரைந்துவிடும். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் 1990-இல் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கிய டைனீமா போன்ற இழைகளால் பின்னிய நூல் ஏறக்குறைய நீளுவதே இல்லை. ஒரு கூழாங்கல் உரசினாலும் விரலுக்குத் தெரியும். 1990-களில் மார்க்கர் தக்கை பரவலானதற்கு இந்த நூல் பெரிய காரணம். அந்தப் பத்தாண்டில் பிரிட்டனின் சாதனைக் கெண்டையும் ஒரு சரளைக் குழியிலிருந்துதான் வந்தது. ரேய்ஸ்பரி என்ற அந்த ஏரியின் மீனுக்கு மேரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எல்லோரும் ஏற்கவில்லை

இந்தத் தக்கைக்கு எதிர்ப்பும் உண்டு. மூன்று அவுன்ஸ் குண்டும் பெரிய தக்கையும் அமைதியான நீரில் திரும்பத் திரும்ப 'தொபுக்' என்று விழுந்தால் மீன் நிற்குமா? ஏரியில் அரை மணி நேரம் ஆழம் பார்த்துவிட்டு, இல்லாத மீனுக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேலி நியாயமானதுதான். அனுபவசாலிகள் வெறும் குண்டை மட்டும் எறிந்து அடியைத் தடவிப் பார்ப்பார்கள். தக்கையைக் கடைசியில்தான் எடுப்பார்கள். சிலர் மீன்பிடிக்கிற நாளில் அதைத் தொடுவதே இல்லை.

இன்னொரு எதிர்ப்பு ஆழமானது. 1980 ஜூன் 16, மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாள். அதே ரெட்மையர் குளத்தில் கிறிஸ் யேட்ஸ் என்பவர் பழைய மூங்கில் கோலும் மக்காச்சோள மணியுமாக 51 பவுண்டு 8 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்தார். கருவிகளைக் குவித்துக்கொண்டு அல்ல, மரத்தடியில் நின்று கண்ணால் மீனைப் பார்த்துப் பிடிப்பவர் அவர். வாக்கரின் 28 ஆண்டுச் சாதனை போயிற்று. ஆனால் மீனை மறுபடி குளத்திலேயே விட்டுவிட்டதால் சாதனைக் குழு அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை! பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் தண்ணீரில் விடுவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அங்கே அதுவே வழக்கம். பெயர் வைத்து, எடை பார்த்து, படம் எடுத்து, காயத்துக்கு மருந்து தடவி விடுகிறார்கள். யேட்ஸ் பின்னாளில் எழுதிய நூல்களைப் படிப்பவர்களுக்கு, குளத்தின் அடி முழுவதும் தெரிந்துவிட்டால் பிறகு குளத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது. வாக்கரின் வாரிசுகளும் யேட்ஸின் ரசிகர்களும் இன்றுவரை இதில் ஒத்துப்போனதில்லை.

நமக்கும் இந்த மீனோடு ஓர் உறவு உண்டு. 1939-இல் இலங்கையிலிருந்து ஜெர்மன் இனக் கெண்டை நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள நீர்நிலைகளில் விடப்பட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் படகில் சுற்றிவிட்டு வருகிறார்களே தவிர, கீழே யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

இப்போது மார்க்கர் தக்கைக்குப் போட்டி வந்துவிட்டது. கையில் அடங்கும் பந்து ஒன்றை நூலில் கட்டி எறிந்தால், அது ஒலி அலையை அனுப்பி ஆழத்தை நேராகக் கைபேசித் திரையில் காட்டிவிடுகிறது. இரை கொண்டுபோகும் சிறு படகுகளிலும் இதே வசதி இருக்கிறது. ஓர் அடி, ஓர் அடியாக எண்ணும் வேலையே இல்லை. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் திரை கொஞ்சம் தடுமாறுகிறது. அடி கெட்டியா மென்மையா என்று நிறத்தில் காட்டும். ஆனால் கெட்டிக் களிமண்ணா, கழுவின சரளையா, சரளை மேல் மெல்லிய பாசியா என்று கேட்டால் விழிக்கும். அதனால் திரையில் இடத்தைப் பார்த்து முடித்தவர்களும் கடைசியில் கோலை எடுத்து, வெறும் குண்டை ஒருமுறை எறிந்து, நூலை விரலில் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்துப் பார்க்கிறார்கள்.